சுகர் வருவதற்கு முன்பே பிடிப்பது எப்படி: எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய லேப் சீட்டு ஒன்று கிடைத்தது. 2011-ல் எடுத்தது, மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கிப் போயிருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 114. சீட்டைக் கொடுத்த இடத்தில் "ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அப்பாவும் அதை நம்பிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். 2016-ல் தோட்டத்தில் கால் பெருவிரலில் ஒரு குச்சி குத்தி, அந்தப் புண் ஒன்றரை மாதமாகியும் ஆறாமல் போன பிறகுதான் அவருக்குச் சுகர் என்று தெரிந்தது. அன்றைக்கு எண் 268.

114-க்கும் 268-க்கும் நடுவில் ஐந்து வருடம் இருந்திருக்கிறது. அந்த ஐந்து வருடத்தில் ஒருவராவது அவரை உட்காரவைத்து இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய குழித்துறைப் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு 43 வயதில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (ஹெச்பிஏ1சி) 6.1 என்று வந்தது, அதாவது அப்பா 2011-ல் நின்ற அதே இடத்தில் நானும் வந்து நின்றேன். அப்புறம் படித்தது, டாக்டரிடம் கேட்டது, செய்து பார்த்தது எல்லாம் கீழே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது டைப் 2 சுகரைப் பற்றியது, நம்மூரில் பெரியவர்களுக்கு வரும் சுகரில் பெரும்பகுதி இதுதான். குழந்தைகளுக்குத் திடீரென்று வந்து இன்சுலின் போட்டே ஆகவேண்டிய டைப் 1 வேறு, அதைச் சாப்பாட்டாலோ நடையாலோ தடுக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் அம்மாவிடம் போய் "மிட்டாய் கொடுத்து வளர்த்தியா" என்று யாரும் கேட்கக் கூடாது.

நம் பக்கத்தில் ஏன் இவ்வளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சுகர். கேரளத்தில் அது 25.5 சதவீதம், அதாவது நாலு பேரில் ஒருவர். கோவாவும் புதுச்சேரியும் மட்டும்தான் அதற்கு மேலே. நாம் தமிழ்நாட்டுக்காரர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் களியக்காவிளையும் அந்தப் பக்கம் இருக்கும் பாறசாலையும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. அன்றைக்குக் கோடு போட்டார்கள், தட்டில் இருப்பதை யாரும் பிரிக்கவில்லை. சம்பா அரிசிச் சோறு, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), மீன் குழம்பு, புட்டு, ஏத்தன் பழம் (நேந்திரம் பழம்), நாளைக்கு அஞ்சு சாயா என்று இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எங்கள் பாட்டாவும் (தாத்தாவும்) இதே தட்டில்தான் சாப்பிட்டார், இன்னும் கூடத்தான் சாப்பிட்டார். ஆனால் மண்வெட்டி பிடித்து வயலில் நின்றவர். அப்பா விடியும் முன்னே எழுந்து முன்னூறு ரப்பர் மரம் பால் வெட்டிவிட்டு, பால் எடுக்க மறுபடியும் அதே முன்னூறு மரத்தையும் சுற்றி வருவார், மேடும் பள்ளமுமாக. ஐம்பது வயதில் முட்டு வலி வந்து பால் வெட்டுவதை நிறுத்தினார். சோற்றின் அளவு மட்டும் நிற்கவில்லை. நான் காலை ஒன்பதரை முதல் இரவு ஏழு வரை நாற்காலியில் இருக்கிறேன், எனக்கும் அம்மா அதே அகப்பையால்தான் அள்ளிவைத்தார்கள். உழைப்பு போய்விட்டது, உழைப்புக்காக வைத்த தட்டு போகவில்லை. நம் பக்கத்துச் சுகரில் பாதிக் கதை இது என்பது என் எண்ணம்.

உள்ளே என்ன நடக்கிறது

சோறோ மரச்சீனியோ எதைத் தின்றாலும் மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வருகிறது. கணையம் இன்சுலினை விடுகிறது, அது தசைக்கும் ஈரலுக்கும் "எடுத்துக்கொள்" என்று சொல்கிறது. வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர இந்தச் சொல் அங்கே எடுபடாமல் போகிறது. கணையம் விடாமல் இன்னும் கூடுதல் இன்சுலினை விட்டுச் சமாளிக்கிறது. இந்தச் சமாளிப்பு பல வருடம் ஓடும், அத்தனை நாளும் உடம்பில் ஒரு வலியும் இருக்காது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் தளர ஆரம்பித்ததும் எண் மெல்ல ஏறும். முதலில் 100-ஐத் தாண்டும், அப்புறம் 126. தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது, எடை குறைவது எல்லாம் பெரும்பாலும் அதற்கும் வெகு பின்னால்தான் வரும். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3, அச்சாக ஒரே எண். உடம்புக் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் மெலிந்த கை காலோடு இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பை வைத்திருப்போம். நமக்கெல்லாம் பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கூடுதல் எடை என்று கணக்கு வைப்பதற்கும் காரணம் இதுதான்.

முதல் படி: உங்கள் மதிப்பெண்ணைப் போடுங்கள்

இதற்கு ஊசி வேண்டாம், காசு வேண்டாம், ஒரு தையல் டேப் போதும். சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு 2005-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் இது. நாலே கேள்வி, மொத்தம் 100.

வயது: 35-க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு: ஆணுக்கு 90 செ.மீ.க்குக் கீழே 0, 90 முதல் 99 வரை 10, 100-ம் அதற்கு மேலும் 20. பெண்ணுக்கு 80-க்குக் கீழே 0, 80 முதல் 89 வரை 10, 90-ம் அதற்கு மேலும் 20.

உடலுழைப்பு: முறையான உடற்பயிற்சியும் கடினமான வேலையும் இரண்டுமே இருந்தால் 0, இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் சுகர் இல்லை என்றால் 0, ஒருவருக்கு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20.

கூட்டிப் பாருங்கள். 30-க்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு, 30 முதல் 50 வரை நடுத்தரம், 60-ம் அதற்கு மேலும் அதிகம்.

இடுப்பை அளப்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். பேன்ட் சைஸ் 34 என்றால் 86 செ.மீ.தானே என்று எழுதிவைத்தேன். பேன்ட் போடும் இடம் தொப்பைக்குக் கீழே, அது இடுப்பே இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். விலாவின் கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு முடிக்கும்போது எண்ணைப் பார்க்க வேண்டும். தெருமுனைத் தையல் கடை அண்ணனிடம் அப்படி அளந்தபோது எனக்கு 96 வந்தது. அவர் இன்னொரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

என் கணக்கு: வயது 20, இடுப்பு 10, உட்கார்ந்த வேலை, பயிற்சி இல்லை என்பதால் 30, அப்பாவுக்காக 10. மொத்தம் 70.

வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. இடுப்புக்கான 20, உழைப்புக்கான 30, ஆக 100-ல் 50 நம் கையில் இருக்கிறது. பரம்பரை நோய், வந்தே தீரும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இரண்டாம் படி: ரத்தம் கொடுங்கள், சீட்டை நீங்களே படியுங்கள்

மதிப்பெண் 60 வந்தால் இந்த வாரமே, 30 முதல் 50 என்றால் இந்த மாதத்துக்குள். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் காசில்லாமல் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள், அந்த அக்கா வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று கதவைச் சாத்திவிட வேண்டாம்.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடிக்கக் கூடாது, சீனி போடாவிட்டாலும் கூடாது. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மூரில் கட்டனைச் சாப்பாட்டுக் கணக்கில் யாருமே சேர்ப்பதில்லை.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே நார்மல், 100 முதல் 125 வரை முன்நிலை (சுகருக்கு முந்தின நிலை), 126-ம் அதற்கு மேலும் சுகர். சில லேப்களிலும் டாக்டர்களிடமும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைப் பின்பற்றி 110-லிருந்துதான் முன்நிலை என்று எண்ணுவார்கள், அதனால் 104 வந்தால் ஒருவர் நார்மல் என்பார், இன்னொருவர் கவனம் என்பார். எந்தப் பட்டியலில் பார்த்தாலும் அப்பாவின் 114 நார்மல் கிடையாது.

75 கிராம் குளுக்கோஸைக் கலக்கிக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதில் 140-க்குக் கீழே நார்மல், 140 முதல் 199 வரை முன்நிலை, 200-ம் மேலும் சுகர். மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே நார்மல், 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-ம் மேலும் சுகர்.

மூன்றில் எது நல்லது? வெறும் வயிற்றில் நன்றாக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு, சோறு அதிகம் தின்னும் நம்மிடம் அதை விட்டுவிடக் கூடாது. அதனால் ஒருமுறையாவது குளுக்கோஸ் குடித்து எடுத்துப் பாருங்கள். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை, வசதி. ஆனால் ரத்தசோகை இருந்தால் அது தவறாகக் காட்டலாம், இரும்புச்சத்துக் குறைவில் உள்ளதை விடக் கூடுதலாக வரும். நம் பெண்களில் ரத்தசோகை சாதாரணம், எனவே அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் ஒரு உத்தேசத்துக்கு உதவும், சுகர் உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல உதவாது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்குச் சுகர் அளவு வந்தால் இன்னொரு பரிசோதனை எடுத்து உறுதிசெய்த பிறகுதான் பெயர் சூட்டுவார்கள். காய்ச்சல் நேரத்திலும் ஆஸ்துமா, மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு எடுக்கும் நேரத்திலும் எண் ஏறும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கர்ப்ப காலத்தில் சுகர் வந்தவர்கள் இதைப் படிக்காமல் போக வேண்டாம்

எங்கள் மைனி (அண்ணி) ஒருநாள் கேட்டார்கள், "சின்னவ வயித்துல இருந்தப்ப எனக்கும் சுகர் இருந்து, அது பிரசவத்தோட போச்சுல்லா தம்பி?" போயிற்று, உண்மைதான். ஆனால் உடம்பு அப்போதே ஒரு தடவை சொல்லிவிட்டது. கர்ப்ப காலத்தில் சுகர் வந்த பெண்களுக்குப் பின்னால் டைப் 2 வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் பல மடங்கு. பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்து ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் தேதி எல்லா வீட்டிலும் நினைவிருக்கும், அம்மாவின் இந்தப் பரிசோதனை எந்த வீட்டிலும் நினைவிருப்பதில்லை. மைனிக்கு அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் முதல் முறையாகப் பார்த்தோம், வெறும் வயிற்றில் 109. இப்போது மைனியும் என்னோடு நடக்கிறார்கள்.

மூன்றாம் படி: தட்டை எடை போடுங்கள்

எனக்குக் கண் திறந்தது இங்கேதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடையில் மாதிரி எடுத்து நிறுக்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு, "எப்பவும் போடுற மாதிரி போடும்மா" என்றேன். முதல் தடவை போட்டது 310 கிராம். மீன் குழம்பு தீருவதற்குள் இன்னொரு அகப்பை, அப்புறம் மோருக்கு ஒரு கை. மொத்தம் 480 கிராம். வெந்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து, ஆக ஒரு மதியத்தில் 134 கிராம். ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருப்பவனுக்கு! அம்மா தராசைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "இதுவே குறைச்சுதான் போட்டேன்" என்றார்கள்.

நான் சோற்றை விடவில்லை, விடச் சொல்லவும் மாட்டேன். சோறே வேண்டாம் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் வாரம் கல்யாண வீட்டில் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்தது 480-ஐ முதல் மாதம் 350 ஆக்கியது, அடுத்த மாதம் 220. குறைத்த இடத்தைக் காலியாக விடவில்லை. தட்டில் பாதி காய்: முருங்கைக்கீரைத் துவரன், அவியல், வெள்ளரிக்காய், பீன்ஸ், எது அன்றைக்கு விலை குறைவோ அது. கால் பங்கு மீன், பயறு அல்லது முட்டை. மிச்சக் கால் பங்கு சோறு. சாப்பிடும் வரிசையையும் மாற்றினேன், காயும் மீனும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டால் சாப்பிட்ட பிறகான ஏற்றம் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, செலவே இல்லாத மாற்றம் இது.

இனி நம் பக்கத்துச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிவப்புச் சம்பா: தவிட்டோடு இருப்பதால் தீட்டிய வெள்ளை அரிசியை விட நல்லது. ஆனால் "சிவப்பரிசிதானே" என்று இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் அந்த நல்லது அங்கேயே தீர்ந்துவிடும்.

மரச்சீனி: இது கிழங்கு என்பதால் காய்க் கணக்கில் போடுகிறார்கள், தவறு. மாவுச்சத்தில் சோற்றுக்குக் குறையாது. மரச்சீனியும் மீனும் சாப்பிடும் நாளில் சோறு வேண்டாம், அவ்வளவுதான். மரச்சீனி தின்றால் கணையம் கெட்டுச் சுகர் வரும் என்று ஒரு பேச்சும் பழைய ஆட்களிடம் உண்டு. அது வானத்திலிருந்து விழுந்த பேச்சு இல்லை. கேரளத்தில் மெலிந்த இளவயதினரிடம் கணையத்தில் கல் விழுந்து வரும் ஒரு தனி வகைச் சுகர் நிறையக் காணப்பட்டபோது, மருத்துவர்களே மரச்சீனியில் உள்ள சயனைடைச் சந்தேகித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தச் சந்தேகம் நிலைக்கவில்லை, ஸ்பிங்க்1 என்ற மரபணு மாற்றத்தின் பங்குதான் தெளிவாகத் தெரிந்தது. மரச்சீனியில் நாம் பார்க்க வேண்டியது அளவைத்தான்.

புட்டு: புட்டும் பழமும் சீனியும் என்றால் மூன்றுமே மாவும் சர்க்கரையும். புட்டும் பயறும் அல்லது புட்டும் கடலைக்கறியும் என்றால் வேறு சாப்பாடு. ஒரு முழுக் குழலுக்குப் பதில் பாதி, பயறு இரண்டு கரண்டி கூட.

கருப்பட்டி: நம் மாவட்டத்துப் பெருமை, எனக்கும் பிரியம். ஆனால் அதில் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரைதான். மருந்து என்று நினைத்துக் காப்பியில் கூடுதலாகப் போடுகிறவர்களைக் கண்டால் மனசு பதறுகிறது.

பழங்கள்: சக்கை (பலா) காலத்தில் பழுத்த சுளை நாலைந்து போதும், மட்டிப்பழம் ஒன்று, ஏத்தன் பழுத்தது என்றால் பாதி. பழம்பொரியைப் பழக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது மைதாவும் எண்ணெயும்.

சாயா: ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றால் எட்டு முதல் பத்து கிராம். அஞ்சு சாயாவுக்கு நாற்பது முதல் ஐம்பது. சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குக் குறைத்தால் கூடுதல் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான் வாரத்துக்கு அரை ஸ்பூன் என்று இறக்கி, நாலு வாரத்தில் சீனி இல்லாமல் குடிக்கப் பழகினேன். கடையில் "மதுரம் இல்லாத்த சாயா" என்று சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது நான் உள்ளே நுழைந்தாலே அப்படித்தான் போடுகிறார்கள். பாட்டில் கூல் டிரிங்ஸ், பாக்கெட் ஜூஸ் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: சாப்பிட்டதும் எழுந்திருங்கள்

தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சொல் எடுபடாத உடம்புக்கு இது பக்கத்து வாசல் மாதிரி. அதனால் சாப்பிட்டு முடித்ததும் பத்து, பதினைந்து நிமிட நடை மற்ற நேர நடையை விடவும் சாப்பிட்ட பிறகான ஏற்றத்தை நன்றாக அமுக்கும். மதியம் சாப்பிட்டதும் நான் கடைக்குப் பின்னால் ஷீட் உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே நடக்கிறேன், வெயிலானால் குடோனுக்குள். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவான இலக்கு, நாளைக்கு அரை மணி வீதம் அஞ்சு நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருடத்தில் பாதி நாள் "மழை, இன்னைக்கு நடக்கல" என்று போய்விடும், நடைப் பழக்கம் முறிவது அந்த மாதங்களில்தான். அதற்கு முன்கூட்டியே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்திருப்பது, சுவரில் கை வைத்துப் பத்து தடவை தள்ளுவது, படி ஏறி இறங்குவது, இதை மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாளாவது இப்படித் தசைக்கு வேலை கொடுப்பது மழை இல்லாவிட்டாலும் தேவை, ஏனென்றால் குளுக்கோஸ் போய்ச் சேரும் பெரிய கிட்டங்கி தசைதான். உட்கார்ந்த வேலைக்காரர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள். ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் டாக்டர், அப்புறம் நடை.

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா?

தரும், எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. முன்நிலையில் இருந்த 531 பேர், மூன்று வருடம். ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். இன்னொரு விஷயமும் உண்டு, அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை, ஆனாலும் பலன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லை என்று நடையை நிறுத்தியவர்கள் இதைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 2002-ல் வந்த பெரிய ஆய்வில் எடையில் 7 சதவீதம் குறைத்து வாரம் 150 நிமிடம் உழைப்பது இலக்கு, அங்கே ஆபத்து 58 சதவீதம் குறைந்தது.

அப்புறம் நம் பக்கத்து ஆய்வு. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் நெய்யாற்றின்கரை தாலுகாவில், மேலே சொன்ன மதிப்பெண்ணில் 60-ம் அதற்கு மேலும் வந்த 1007 பேரை வைத்து நடத்தினார்கள், 2018-ல் முடிவு வந்தது. அக்கம்பக்கத்தார் குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருந்த பக்கத்தில் இரண்டு வருடத்தில் 14.9 சதவீதம் பேருக்குச் சுகர், புத்தகம் மட்டும் கொடுத்த பக்கத்தில் 17.1. இந்த வித்தியாசம் உறுதியாகப் பலன் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் காயும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், குடியைக் குறைத்தார்கள். சென்னை ஆய்வில் எல்லோருமே ரத்தத்தில் முன்நிலை உறுதியானவர்கள், இங்கே நார்மலாக இருந்தவர்களும் உண்டு. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: மதிப்பெண்ணைப் போட்டதோடு நின்றுவிடாமல் ரத்தமும் பார்க்க வேண்டும், அதில் முன்நிலை என்று வந்தவர்கள்தான் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதவர்கள்.

எடை, தூக்கம், பீடி, குடி

எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 7 சதவீதத்தை இலக்காக வையுங்கள், ஆறு மாதத்தில். நான் 74 கிலோ, இலக்கு 69. அதற்கு மேல் ஆசைப்பட்டு பட்டினி கிடக்க வேண்டாம். எடையை விட இடுப்பு டேப்பை நம்புங்கள், மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் பசி கூடும், இன்சுலின் வேலை செய்வதும் குறையும். புகை பிடிப்பவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல், அதோடு இதயமும் காலும் சேர்ந்து போகும். குடியைப் பற்றி ஒரே சொல், குறைத்துப் பாருங்கள் என்பது நம்மூரில் நடப்பதில்லை, விட்டுவிடுவதுதான் நடக்கிறது. முன்நிலையிலேயே மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சிலருக்குக் கொடுப்பார்கள், அது டாக்டரின் முடிவு, பக்கத்து வீட்டு அண்ணன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம். பாகற்காயும் வெந்தயமும் சாப்பிடலாம், சாப்பாடாக. அதைக் குடித்துவிட்டுச் சோற்றைப் பழையபடி போட்டுக்கொள்வதால் பயன் இல்லை.

ஐந்தாம் படி: மறுபடியும் பாருங்கள்

நார்மல் வந்தவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, முன்நிலை வந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது. எனக்கு டாக்டர் முதலில் ஆறு மாதத்தில் வரச் சொன்னார், 5.9 இருந்தது, பெரிய இறக்கம் இல்லை என்று வருத்தமாக இருந்தது. ஒரு வருடம் முடிந்தபோது 5.6, இடுப்பு 89. மதிப்பெண்ணை மறுபடி போட்டேன்: வயது 20, இடுப்பு 0, பயிற்சி வந்துவிட்டதால் 20, அப்பாவுக்கு 10, மொத்தம் 50. மழைக்காலம் முடிந்து அளந்தால் இடுப்பு மறுபடி 91, திரும்ப ஆரம்பித்தேன். இப்படி ஏறி இறங்கத்தான் செய்யும்.

சீட்டுகளை ஒரே ஃபைலில் வையுங்கள், வீட்டில் எல்லோருடையதையும், மேலே வருடத்தைப் பெரிதாக எழுதி. சீட்டைக் கொடுப்பவர் "நார்மல்தான்" என்றால் சரி என்று நடந்துவிடாமல் "எண் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதிகத் தாகம், ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போவது, காரணமில்லாமல் மெலிவது, ஆறாத புண், கண் மங்கல், இதில் எது இருந்தாலும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டு ஃபைலில் முதல் தாள் அந்த 2011 சீட்டுதான், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.